பொலிகுதிரைக்கு ஓய்வு

1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் தேதியன்று, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செஸபீக் சிட்டி என்னும் சிற்றூரை அடுத்திருந்த விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணையார், நார்தர்ன் டான்சர் என்ற தங்கள் பொலிகுதிரைக்கு அன்றோடு ஓய்வு கொடுத்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார்கள். இனி அது எந்தப் பெட்டைக் குதிரையோடும் சேர்க்கப்படாது. உண்பதும் உறங்குவதும் புல்வெளியில் வெயில் காய்வதுமே அதன் வேலை. இருபத்தாறு வயது நிறைய அதற்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. குதிரையின் ஆயுட்கணக்கில் அது தள்ளாத பருவம். மனிதர் கணக்கில் சொன்னால் எண்பதை நெருங்கும் விருத்தாப்பியம்.

ஒரு மிருகம் வேலையை விட்டு நின்றதைக் கண்டங்கள் கடந்து செய்தியாகச் சொல்லும்படி அப்படி என்ன நேர்ந்துவிட்டது என்று கேட்கத் தோன்றும். பந்தயம் பார்த்துத் திரும்பும் நம்மவர்களுக்குக் குதிரையின் ஜீவிதம் ஓட்டத்தோடு தொடங்கி ஓட்டத்தோடு முடிந்துவிடுவதாகவே படுகிறது. உண்மை அதுவன்று. உயர்ந்த ஜாதிக் குதிரைக்கு ஓட்டம் இரண்டு மூன்று வருஷத்துக் காரியம். அதில் கீர்த்தி பெற்ற ஆண்குதிரைக்கோ அதற்கப்பால் இருபது வருஷத்து இல்லறம் காத்திருக்கிறது. அந்த இல்லறத்தில்தான் பெரும்பொருள் ஈட்டப்படுகிறது. அதுவும் முடிந்த பிறகு மூன்றாவதாக ஓர் ஆசிரமம் வருகிறது. ஈட்டிக் கொடுத்த பிராணிக்கும் ஈட்டியதை அனுபவித்த மனிதனுக்கும் உள்ள உறவு இன்னதென்று தெரியவருவது அந்த மூன்றாவது ஆசிரமத்திலேதான். ஆகையால் இந்தக் குதிரையின் கதையை அந்தத் திசையை நோக்கியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கனடா நாட்டுப் பெருஞ்செல்வரும் பீர் ஆலைகளின் அதிபருமான ஈ. பி. டெய்லர் என்பவரிடம் நடால்மா என்ற பெட்டைக் குதிரை இருந்தது. 1960ஆம் ஆண்டு வசந்தத்தில், பெரிய பந்தயம் ஒன்றுக்காக அதைப் பழக்கிக்கொண்டிருந்த சமயத்தில், முழங்கால் எலும்பில் சில்லுப் பெயர்ந்து அது ஓட்டத்துக்கு லாயக்கற்றதாயிற்று. சேர்க்கைப் பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்ட தறுவாயில், இந்த ஆண்டு வீணாக வேண்டாமே என்று, நியார்க்டிக் என்னும் ஆண்குதிரையோடு அதைச் சேர்த்தார்கள். குதிரை சினையைச் சுமப்பது பதினொரு மாதம். 1961ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி, ஒன்டாரியோ மாகாணத்து ஆஷவா நகரை ஒட்டியிருந்த டெய்லரின் பண்ணையில் ஓர் ஆண்குட்டி பிறந்தது. செம்பழுப்பு உடல், மூன்று கால்களில் வெள்ளை, நெற்றியில் இறங்கி மூக்கினருகே வளைந்துவிட்ட ஒரு வெண்பட்டை.

மே மாதக் கடைசியில் பிறந்தது அக்குட்டிக்கு ஒரு பாக்கியக் குறைவு. பந்தய உலகின் சம்பிரதாயப்படி, பூமியின் வடபாதியில் பிறக்கும் ஜாதிக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி முதல் தேதியே பிறந்தநாள். பிப்ரவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் ஒரே வயதுக்காரராகக் கருதப்பட்டு ஒரே தடத்தில் நிறுத்தப்படும். பிறவியிலேயே குள்ளமான நம் குட்டிக்கு இந்தக் கணக்கும் பாதகமாக அமைந்தது. டெய்லர் ஆண்டுதோறும் தம் ஒரு வயதுக் குட்டிகளுக்கெல்லாம் விலை குறித்துவைத்து, பாதி விற்பனையானதும் மீதியைத் தாமே வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். இக்குட்டிக்கு அவர் குறித்த விலை 25,000 டாலர். வந்தவர்கள் பார்த்தார்கள், உயரம் போதாதென்று நகர்ந்துவிட்டார்கள். விலைபோகாத சரக்காக அது உடையவரிடமே தங்கிற்று.

அதற்குமேலும் ஒரு கண்டம் இருந்தது. முரட்டுக் குணத்தை அடக்குவதற்காக அக்குட்டிக்குக் காயடித்துவிடலாம் என்று பயிற்சியாளர் ஹொரேஷியோ லூரோ யோசனை சொன்னார். முரட்டுக் குதிரைக்கு அப்படிச் செய்வது பந்தய லாயங்களில் அன்றாட வழக்கம். அதில் அவர்மேல் குற்றம் ஒன்றுமில்லை. டெய்லர் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு மறுப்பு மட்டும் இல்லாதிருந்தால், இன்று உலகில் ஓடும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை பிறந்தே இரா. மிகைபடச் சொல்வதாக எண்ணவேண்டாம். அதன் கணக்கைப் பின்னால் தருகிறேன்.

ஓட்டத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1963இல் அதன் முதல் பந்தயத்தில் ஏறி வென்றவர் ரான் டர்காட் என்னும் இளம் ஜாக்கி. மறு ஆண்டு கென்டக்கி டெர்பிக்கு முன்னால், அதன்மேல் ஏறி வென்று பழகிய பில் ஷூமேக்கர் என்ற பெரும்புகழ் ஜாக்கி, ஹில் ரைஸ் என்ற நெடிய குதிரையே மேலென்று இதை விட்டு அதற்குப் போனார். 1964 மே 2ஆம் தேதி, ஒன்றேகால் மைல் தூரத்தைச் சரியாக இரண்டு நிமிஷத்தில் ஓடி, பில் ஹார்ட்டாக்கைச் சுமந்து, அந்த ஹில் ரைஸையே ஒரு கழுத்தளவில் முந்தியது நார்தர்ன் டான்சர். அதுவரையில் அந்தப் பந்தயத்தில் அத்தனை விரைவாக எக்குதிரையும் ஓடியதில்லை. ஒன்பது ஆண்டு கழித்து 1973இல் செக்ரடேரியட் அந்த நேரத்தைக் குறைத்தபோது, அதன் முதுகில் இருந்தவர் அதே ரான் டர்காட். அடுத்து ப்ரீக்னஸ் பந்தயத்திலும் வெற்றி, பெல்மான்ட்டில் மூன்றாமிடம், பிறகு சொந்த நாட்டில் குவீன்ஸ் பிளேட் வெற்றி. அத்துடன் முன்னங்காலின் தசைநாண் பழுதாயிற்று. ஓடிய 18 பந்தயங்களில் 14 வெற்றி; மற்ற நான்கிலும் முதல் மூவருக்கு வெளியே அது நின்றதில்லை.

இனி இல்லறம். நம் நாட்டில் பொலிகாளையைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. இன்று அந்தக் காளையின் வேலையை ஊசியும் குப்பியும் ஏற்றுக்கொண்டுவிட்டதையும் எல்லோரும் அறிவோம். தரோபிரெட் என்னும் ஜாதிக் குதிரை விஷயத்தில் அப்படிச் செய்யச் சட்டம் இடங்கொடாது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை அந்த ஜாதியின் வம்சப் பதிவேடு ஏற்காது. ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்தே குட்டி பிறந்திருக்கவேண்டும். ஆகவே ஒரு பொலிகுதிரை ஒரு பருவத்தில் இத்தனை சேர்க்கைக்குத்தான் தாங்கும் என்ற எல்லை இருக்கிறது. அந்த எல்லையே விலையை ஏற்றுகிறது. வட நாடுகளில் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏறத்தாழ ஜூன் வரையில்தான் பருவம். நார்தர்ன் டான்சரின் காலத்தில் நாற்பது பெட்டைகள் வரையில் ஒரு பொலிகுதிரைக்கு நியாயமான அளவு என்று கருதினார்கள்.

பொலிக்கூடத்தின் காரியங்கள் எல்லாம் மிக்க ஜாக்கிரதையோடு நடப்பவை. பெட்டை உதைத்துவிட்டால் கோடி பெறும் ஆண்குதிரை ஒரு கணத்தில் முடமாகிவிடும். ஆகையால் சுவர்களுக்கு மெத்தை தைத்திருப்பார்கள். பெட்டையின் வாலைச் சுருணையாகக் கட்டி, பின்னங்கால் குளம்புகளுக்குத் தடித்த கம்பளிக் காலணி மாட்டி, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் நிற்க, பேச்சுமூச்சில்லாமல் வேலை நடக்கும். பொலிக்கு அழைத்துப் போகும்போது மாட்டும் கடிவாளத்தைப் பல பண்ணைகளில் தனியே வைத்திருப்பார்கள். புல்வெளிக்கு இட்டுச்செல்லும் கடிவாளம் வேறு, இது வேறு. இதன் இரும்பு வாயில் பட்டதும் குதிரைக்குப் புரிந்துவிடும். காதுகள் நிமிரும், கழுத்து வளையும், நடை மாறும். நார்தர்ன் டான்சருக்கு இன்னொரு ஏற்பாடும் தேவைப்பட்டது. 62 அங்குலமே தோள் உயரம் கொண்ட அது, தன்னைவிட நெடிய பெட்டைகளை எட்டும்பொருட்டு, பொலிக்கூடத்தின் தரையில் சிறியதொரு மேடு அமைத்துக் கொடுத்தார்கள். ஒரு சமயம் குள்ளமென்று சொல்லி வாங்காமல் போனவர்களும் அவர்களைப் போன்றவர்களும், பின்னால் தங்கள் உயர்ந்த பெட்டைகளை ஓட்டிக்கொண்டு வந்து அந்த மேட்டின் முன்னே காத்து நின்றார்கள்.

1965இல் ஆஷவாவில் முதல் பருவம் தொடங்கியபோது சேர்க்கைக் கட்டணம் 10,000 டாலர். இரண்டாவது ஆண்டுக் குட்டிகளில் ஒன்றுதான் நிஜின்ஸ்கி. ஐரிஷ் பயிற்சியாளர் வின்சென்ட் ஓப்ரையன், ஒரு கனவான் கேட்டுக்கொண்டபடி வேறொரு குட்டியைப் பார்வையிடக் கனடா வந்தவர், அதன் முன்னங்கால் நேராக இல்லாததைக் கண்டு வேண்டாமென்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற நிஜின்ஸ்கியைச் சுட்டிக்காட்டி அதை வாங்கச் செய்தார். விலை 84,000 டாலர். 1970இல் அந்தக் குதிரை லெஸ்டர் பிகட்டைச் சுமந்து இங்கிலாந்தின் கின்னீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய மூன்றையும் வென்றது. ஒரே ஆண்டில் இம்மூன்றையும் வெல்வதை மும்முடி என்பார்கள். 1935இல் பாராம் வென்றதற்குப் பின் நிஜின்ஸ்கி வென்றது. நிஜின்ஸ்கிக்குப் பின் இன்றுவரை ஒருவருமில்லை.

அதன்பின் ஐரோப்பாவே இந்தப் பக்கம் திரும்பிற்று. 1968 இறுதியிலேயே மேரிலாந்தில் டெய்லருக்கிருந்த விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த தகப்பன் குதிரையை 1970இல் 32 பங்குகளாக வகுத்தார்கள். பங்கு ஒன்று 75,000 டாலர். பங்குதாரர் ஒருவர் ஆண்டுக்கு ஒரு பெட்டையை அனுப்பலாம். பதினொரு ஆண்டு கழித்து, குதிரைக்கு இருபது வயதானபோது, நான்கு கோடி டாலர் தருகிறோம் என்று ஒரு கூட்டத்தார் கேட்டும் பங்குதாரர்கள் விற்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு சேர்க்கைக்குப் பத்து லட்சம் டாலர் வரை விலை ஏறியது. பெட்டை சினையாகாவிட்டாலும் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு! 1984 ஜூலையில் கென்டக்கியின் கீன்லாண்டு ஏலத்தில் அதன் ஒரு வயதுக் குட்டிகள் பன்னிரண்டு சராசரி முப்பத்துநான்கு லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. அதற்கு முந்தின ஆண்டு அதே ஏலத்தில், துபாயின் ஷேக் முகமது ஒரு குட்டிக்கு ஒரு கோடியே இரண்டு லட்சம் டாலர் கொடுத்தார். விலையைக் காட்டும் பலகையில் ஏழு இலக்கத்துக்கே இடமிருந்தபடியால் அந்தத் தொகை அதில் முழுமையாகத் தெரியவில்லை. ஸ்னாஃபி டான்சர் என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டி ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிக்கு விட்டபோதும் அனேகமாக மலடாகவே இருந்தது. வம்சத்தை விலைக்கு வாங்கலாம். குணத்தை வாங்க முடியாதென்பதை அவர் இவ்வளவு பெரிய தொகை கொடுத்து அறிந்துகொண்டார்.

அதே 1984இல் எப்ஸம் டெர்பியின் கடைசிச் சில கஜங்களில் இரண்டு குதிரைகள் தோளோடு தோள் உரசி வந்தன. எல்லோரும் எதிர்பார்த்த எல் கிரான் சென்யோரை, சீக்ரெட்டோ என்னும் குதிரை மயிரிழையில் வென்றது. இரண்டுமே நார்தர்ன் டான்சரின் பிள்ளைகள். தோற்றதைப் பழக்கியவர் வின்சென்ட் ஓப்ரையன்; வென்றதைப் பழக்கியவர் அவருடைய மகன் டேவிட். குதிரையிலும் மனிதரிலும் ஒரே சமயத்தில் பிதா புத்திர சம்பந்தம் இவ்வாறு பின்னிக்கிடந்த இன்னொரு பந்தயத்தை நான் அறியேன்.

இத்தனைக்கும் நடுவே முதுமை வந்தது. பொலிகுதிரை ஓய்வு பெறுவதற்கென்று வயது வரம்பு எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. அதைக் கணக்கேடு சொல்லும். வந்த பெட்டைகளில் சினையானவை எத்தனை என்று பருவத்துக்குப் பருவம் எழுதி வருவார்கள். ஒரு கட்டத்தில் அந்த விகிதம் சரியத் தொடங்கும். சரிகிறதென்று தெரிந்த பின்னும் விடாப்பிடியாக ஓட்டுவதற்குத் தூண்டுதல் சாமானியமானதன்று. ஒரு சேர்க்கைக்கு இலட்சக்கணக்கான டாலர் கைநீட்டி நிற்கையில், இன்னும் ஒரு பருவம் பார்ப்போமே என்ற எண்ணம் எவர் மனத்தில்தான் எழாது? அப்படி எழுந்தும் அதை மேரிலாந்துப் பண்ணையார் அடக்கினார்கள். பருவத்தின் நடுவிலேயே, பெட்டைகள் வந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்திலேயே, போதும் என்று நிறுத்தினார்கள். அந்த ஓய்வை மதிக்கத்தக்கதாக நான் எண்ணுவது இக்காரணம் பற்றியே.

ஓய்வு பெற்ற பொலிகுதிரையை நெருங்கிப் பார்த்தால், ஒரு காலத்தில் கல்லில் செதுக்கியது போலிருந்த முதுகு சற்றே தொய்ந்திருக்கும். கண்ணுக்கு மேலே இரு குழிகள் விழுந்திருக்கும். முகத்தில் நரை ஓடியிருக்கும். பல் தேய்ந்துவிட்டபடியால் வைக்கோலை வெகுநேரம் மென்று, மெல்ல முடியாததைச் சுருட்டி வெளியே தள்ளிவிடும். ஆகவே நனைத்துப் பிசைந்த தீனி வைக்கவேண்டும். குளம்புகளை வேளாவேளைக்குச் சீவவேண்டும். வசந்தகாலத்தில் தூரத்தில் பெட்டைகளை ஏற்றிவரும் வண்டியின் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிக் கனைக்கும். அந்தத் தனிக் கடிவாளம் மட்டும் இனி வராது. எத்தனை பொருளீட்டித் தந்ததாயினும் அதற்குத் தெரிந்தவை தன் லாயமும், தன் புல்வெளியும், தீனி கொண்டுவரும் மனிதனின் காலடியோசையுமே. அவற்றை மாற்றாமல் வைத்திருப்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம். மேரிலாந்துப் பண்ணை பிற்பாடு வேறு கைக்கு மாறிற்று. நார்தர்ன் டான்சரோ தன் பழைய இடத்திலேயே இருந்தது. 1989இல் டெய்லர் காலமானார். குள்ளக் குட்டியை விலைக்கு வைத்து விற்க முடியாமற்போன அந்த எஜமானரைக் கடந்தும் ஒன்றரை ஆண்டு அது வாழ்ந்தது.

1990 நவம்பர் 16ஆம் தேதி, தாங்கொணாத வயிற்றுவலி கண்டு, வேறு வழியின்றி வைத்தியரின் மருந்தால் அதற்கு இறுதி அளிக்கப்பட்டது. வயது இருபத்தொன்பது. பந்தயக் குதிரை இறந்தால் தலையையும் இருதயத்தையும் குளம்புகளையும் மட்டும் புதைப்பது அந்நாடுகளின் வழக்கம். முழு உடலையும் அடக்கம் செய்வது விசேஷ மரியாதை. நார்தர்ன் டான்சரின் முழு உடலையும் அதற்கென்றே செய்வித்த பேழையில் வைத்து, எல்லை கடந்து கனடாவுக்கு எடுத்துச் சென்று, ஆஷவாவில் அது பிறந்த லாயத்துக்கு அருகில் நல்லடக்கம் செய்தார்கள். நம் கிராமங்களில் கோயில் காளை மாண்டால் ஊரே கூடி மாலை சாத்தி மண்ணிடுவதைக் கண்டவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

அதன் சந்ததி அதன்பின்னும் பெருகிற்று. ஏறத்தாழ 640 குட்டிகளில் 140க்கு மேற்பட்டவை பெரிய பந்தயங்களில் வென்றன. மகன் சாட்லர்ஸ் வெல்ஸ் பிரிட்டன், அயர்லாந்து இரண்டுக்குமாகப் பதினான்கு முறை தலைமைப் பொலிகுதிரை என்ற பட்டம் பெற்று, தகப்பனைப் போலவே சினைப்பிடிப்புக் குறைந்ததும் 2008இல் ஓய்வு பெற்றுப் பண்ணையிலேயே 2011இல் மடிந்தது. அதன் மகன் கலிலியோ. கலிலியோவின் மகன், ஓடிய பதினான்கு பந்தயங்களிலும் தோல்வி காணாத ஃபிராங்கெல். ஜப்பானில் நார்தர்ன் டேஸ்ட் பத்து முறை தலைமை வகித்தது. ரசீன் என்ற மகன் இந்தியாவுக்கே வந்து நம் பொலிகுதிரைகளில் பல ஆண்டு முதலிடம் வகித்தது. 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பல நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஆய்ந்ததில், நூற்றுக்கு 97 குதிரைகளின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருப்பதாகக் கண்டார்கள். முன்னே வாக்களித்த கணக்கு இதுதான். பெருமைக்குரிய இதே எண் அச்சத்துக்கும் உரியது. ஒரே இரத்தம் திரும்பத் திரும்பக் கலப்பதால் அந்த ஜாதியின் மரபணு வேற்றுமைகள் அருகி வருகின்றன என்று அதே ஆராய்ச்சியாளர் எச்சரித்திருக்கிறார்கள். நாற்பது பெட்டை என்ற பழைய அளவு மறைந்து, இன்று நூற்றைம்பதுக்கும் மேல் ஒரே பொலிகுதிரையிடம் வருகின்றன. 140க்கு மேல் கூடாதென்று அமெரிக்க ஜாக்கி கிளப் 2020இல் கொண்டுவந்த விதியை, எதிர்ப்பின் காரணமாக 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய அளவே தர்மம் என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை சொன்னதோடு முடித்துவிட்டால் பாதிச் சத்தியமே சொன்னவனாவேன். அந்த வம்சத்தில் வேறொரு பேரனும் இருந்தது.

நிஜின்ஸ்கியின் மகன் ஃபெர்டினாண்ட். 1986இல் கென்டக்கி டெர்பியை வென்றது. அன்று அதன்மேல் இருந்தவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பாட்டனை விட்டு ஹில் ரைஸுக்குப் போன அதே பில் ஷூமேக்கர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. பாட்டன் ஓய்வு பெற்ற அதே 1987ஆம் ஆண்டில் பேரன் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரை என்ற பட்டம் பெற்றது. பிறகு கென்டக்கியில் பொலிக்கு விட்டார்கள். அதன் குட்டிகள் சோபிக்கவில்லை. 1994இல் ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே முதல் பருவத்தில் எழுபதுக்கு மேற்பட்ட பெட்டைகள் வந்தன. சில ஆண்டுகளில் அந்த எண் பத்தாகச் சுருங்கிற்று. வருமானம் நின்ற குதிரை கைமாறிக் கைமாறிப் போய், 2002இல் கசாப்புக்கூடத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகை தேடிப் புறப்பட்ட பிறகே உலகுக்கு அது தெரிந்தது. டெர்பி மாலை சூடிய கழுத்து அது!

பாட்டனுக்கும் பேரனுக்கும் குணத்தில் பேதமில்லை. இரண்டும் ஓடச்சொன்னபோது ஓடின, சேரச்சொன்னபோது சேர்ந்தன. பேதம் கணக்கேட்டில் இருந்தது. முதுமையில் ஆதரிக்கப்படுவது ஈட்டிய தொகைக்குத் தக்கபடி கிடைக்கும் வெகுமதியாக இருக்குமானால், அது ஆதரவாகாது. வியாபாரத்தின் கடைசி வரியே ஆகும். ஃபெர்டினாண்டின் கதி தெரிந்த பின் நல்லோர் சிலர் இதை உணர்ந்தார்கள். பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையொன்றில் சினிமா விமர்சகராக இருந்த மைக்கேல் புளோவன், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்காக, பொலிகுதிரைகளையும் சேர்த்து ஆதரிக்கும் 'ஓல்ட் ஃபிரண்ட்ஸ்' என்ற புகலிடத்தைக் கென்டக்கியில் தொடங்கினார். வெளிநாட்டுக்கு விற்கும்போதே, வேலை முடிந்ததும் குதிரையைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம் பரவிற்று. 1997இன் டெர்பி வீரன் சில்வர் சார்ம், ஜப்பானில் பொலிப்பணி முடித்து, 2014 டிசம்பரில் விமானமேறிக் கென்டக்கிக்குத் திரும்பி, அந்தப் புகலிடத்தின் புல்வெளியில் இறங்கியது.

நமக்கும் இதில் பங்குண்டு. நார்தர்ன் டான்சரின் இரத்தம் ரசீன் வழியாகவும் பிற வழிகளாலும் நம் பந்தயத் தடங்களில் ஓடியிருக்கிறது. ஓட்டம் முடிந்த நம் குதிரைகள் எங்கே போகின்றன என்பதைச் சுற்றுலாத் தலங்களில் சவாரிக்கு நிற்கும் மெலிந்த முதுகுகளைக் கண்டவர்கள் ஒருவாறு ஊகிக்கலாம். குதிரையை வாங்கும் நாளிலேயே அதன் கிழப்பருவத்துக்கான தீனிப் பணத்தையும் எடுத்துவைக்கும்படி உடையவர்களைக் கட்டாயப்படுத்துவது, பந்தயக் கழகங்கள் மனம்வைத்தால் ஒரு தீர்மானத்தில் முடியும் காரியம். பந்தயம் பார்க்கும் பழக்கமுள்ள வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை உங்களுக்குத் தெரிந்த குதிரைக்காரர் ஒருவர் தம் குதிரை வென்றதைச் சொல்லும்போது, ஐந்தாண்டுக்கு முன் வென்ற அவருடைய குதிரை இப்போது எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள்.